அச்சாரம் கொடுத்தபின் காத்திருக்கும் காலம்



மனிதன் குடியிருக்கும் வீட்டை அவனுக்கு அமைதி தரும் இடமாக ஆக்கியிருப்பதை, அல்லாஹுத் தஆலா தன் அருட்கொடைகளில் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான். அந்த அமைதியைத் தேடிப் புறப்படும் குடும்பங்கள், வீடு கைக்கு வருமுன்பே இருந்த அமைதியையும் இழந்து நிற்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். விலை பேசியாயிற்று, அச்சாரம் கொடுத்தாயிற்று, ஆனால் பத்திரம் மட்டும் ஆகவில்லை. இந்த இடைக்காலத்தில் மார்க்கம் நம்மிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதை இம்மாதம் பார்ப்போம்.

மூன்று வீடுகள், ஒரு கயிறு

நம் உடுமலைப்பேட்டையைச் சேர்ந்த ஒரு சகோதரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வேலை செய்கிறார். வாரம் ஒருமுறை ஊருக்கு வருவார். பன்னிரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்தவர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு மனைவியின் நகையையும் விற்று, நம் மஹல்லாவில் ஒரு சிறிய வீட்டை 24 லட்சத்துக்குப் பேசி முடித்தார். 3 லட்சம் அச்சாரம். மூன்று மாதத் தவணை. ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நாமும் ஒருவர்.

விற்பவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். இவருடைய பணத்தைக் கொண்டு பொள்ளாச்சியில், மகன் இருக்கும் தெருவிலேயே ஒரு வீட்டை வாங்க அவர் ஒப்பந்தம் போட்டிருந்தார். அந்தப் பொள்ளாச்சி வீடோ, தந்தை மௌத்தானபின் பாகம் பிரிக்காமல் கிடந்த வீடு. அங்கே பத்திரம் ஆனால்தான் பெரியவர் இங்கே காலி செய்வார். பெரியவர் காலி செய்தால்தான் நம் சகோதரர் குடிபோவார். மூன்று வீடுகள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டது போல ஆயிற்று.

மூன்று மாதம் ஆறாயிற்று, ஆறு எட்டாயிற்று. சகோதரர் குடியிருந்த வாடகை வீட்டுக்காரர், தம் மகனுக்கு நிக்காஹ் வைத்திருப்பதால் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு சகோதரர் நம்மிடம் வந்து அமர்ந்தார்.

“ஹஜ்ரத், எட்டு மாசமாச்சுங்க. என் 3 லட்சம் அவரிடத்திலே சும்மா கிடக்குது. வட்டியோடு திருப்பிக் கேளுன்னு புரோக்கர் சொல்றார். கேட்கலாங்களா? இப்போ அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கலை. ஒரே ஸஃப்பிலே நிற்கிறோம், ஸலாம் சொல்றதில்லை.”

அவர் சொன்னதில் கடைசிச் செய்திதான் நம்மை அதிகம் சுட்டது. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்க, ஒரு வீட்டின் பெயரால் இருவர் மாதக்கணக்கில் அப்படி இருந்திருக்கிறார்கள். அதற்குக் காரணமான ஒப்பந்தத்தில் நம் கையெழுத்தும் இருக்கிறது.

ஒப்பந்தம் கிரயமன்று

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். “இன்ன விலைக்கு, இன்ன தேதிக்குள் விற்கிறேன்” என்று எழுதிக்கொள்வதை நம் மக்கள் வீடு வாங்கிவிட்டதாகவே நினைக்கிறார்கள். மார்க்கத்தின் பார்வையில் அது வாக்குறுதி, அதாவது வஅத். வியாபாரம் என்பது ஈஜாப், கபூல் எனும் கொடுத்தேன், ஏற்றேன் என்ற இரு சொற்களால் அப்போதே நிறைவேறுவது. வருங்காலத் தேதி ஒன்றில் விற்பனை உண்டாகும் என்று பேசுவதை ஹனஃபி மத்ஹபின் ஃபுகஹாக்கள் விற்பனையாக ஏற்பதில்லை.

நாட்டுச் சட்டமும் இதே கருத்தில் இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தம் மட்டும் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்கிறது. பத்திரம் பதிவாகும் வரை வீடு விற்பவருடையதே. வாங்குபவர் “என் வீடு” என்று எண்ணி மனத்தை முன்கூட்டியே குடியேற்றிவிடுவதால்தான், தாமதம் வரும்போது எதிராளி தன் வீட்டைப் பிடுங்கிக்கொண்டதுபோல அவருக்குத் தோன்றுகிறது.

வாக்குறுதிதானே என்று அலட்சியம் செய்யவும் கூடாது. வாக்களித்து மாறு செய்வது நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆனால், நிறைவேற்றும் எண்ணத்தோடு வாக்களித்து, தன் கைமீறிய காரணத்தால் தவணை தவறியவர் இந்த எச்சரிக்கையில் சேரமாட்டார் என்பதை உலமாக்கள் விளக்கியுள்ளார்கள். நம் பெரியவரிடம் வேறொருவர் வந்து 2 லட்சம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னபோது, “பேசினது பேசினதுதான்” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மீது மற்றவர் வந்து விலை பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அந்தத் தடையைப் பேணிய மனிதரைத்தான் நம் சகோதரர் ஏமாற்றுக்காரர் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அச்சாரப் பணம் யாருடையது?

அச்சாரத்துக்கு அரபியில் ‘அர்பூன்’ என்று பெயர். வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரம் விற்பவருக்கே போய்விடும் என்ற நிபந்தனையை இமாம் அபூஹனீஃபா, இமாம் மாலிக், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோர் ஏற்கவில்லை. பொருளும் கொடாமல், உழைப்பும் தராமல் பிறர் பணத்தை எடுப்பது எப்படிக் கூடும் என்பது அவர்களுடைய வாதம். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் மட்டும் இதனை அனுமதித்தார்கள். அவர்களுக்கு ஆதாரமாக இருந்ததும் ஒரு வீட்டு வியாபாரமே. ஹளரத் உமர் (ரலி) அவர்களின் மக்கா ஆளுநர் நாஃபிஉ பின் அப்துல் ஹாரிஸ், சிறைச்சாலைக்காக ஸஃப்வான் பின் உமய்யா (ரலி) அவர்களிடம் ஒரு வீட்டைப் பேசினார். உமர் ஒப்புக்கொண்டால் வியாபாரம் நிலைக்கும், இல்லையேல் ஸஃப்வானுக்கு 400 கிடைக்கும் என்பது பேச்சு. 1993இல் புருணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் அர்பூன் கூடும் என்று தீர்மானித்தது.

இந்தக் கருத்து வேறுபாட்டில் இரு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அனுமதித்தவர்களும் வாங்குபவர் தாமே பின்வாங்கும் நிலைக்குத்தான் அனுமதித்தார்கள். விற்பவரால் முடியாமற் போனால் அச்சாரத்தை முழுமையாகத் திருப்பித் தருவது அவர்மீது கடமை. இரண்டாவது, அது கையில் கிடந்த மாதங்களைக் கணக்கிட்டு வட்டி கேட்பது எந்த மத்ஹபிலும் கூடாது. ஆகவே சகோதரரின் முதல் கேள்விக்கு, “கேட்கக்கூடாது தம்பி” என்பதே நம் பதிலாயிற்று. தவணை கடந்துவிட்டதால் ஒப்பந்தத்தை முறித்து 3 லட்சத்தைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. தவணையை நீட்டித் தரவும் உரிமை உண்டு. சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் வலியுறுத்துகிறது. வருந்தி நிற்பவரை வியாபாரத்திலிருந்து விடுவிப்பவரின் தவறுகளை அல்லாஹ் மறுமையில் மன்னிப்பான் என்று ஹதீஸிலும் வந்துள்ளது.

காத்திருக்கும்போது வழுக்கும் இடங்கள்

காத்திருக்கும் காலத்தில் ஷைத்தான் சும்மா இருப்பதில்லை. உதவி போலத் தோன்றும் மூன்று வழிகள் நம் சகோதரரின் முன்னும் வந்தன.

முதலாவது ஒத்தி, அல்லது போக்கியம். “5 லட்சம் கொடுங்கள், வாடகையே வேண்டாம், போகும்போது 5 லட்சத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று ஒருவர் வீடு காட்டினார். இது நம் வீடுகளில் மிகவும் பரவிவிட்ட பழக்கம். கொடுக்கும் பணம் முழுதாகத் திரும்பி வருவதால் அது கடன். அந்தக் கடனுக்காக வீட்டில் இலவசமாகக் குடியிருப்பது கடனால் வரும் பலன். நிபந்தனையிட்டுக் கடனால் அடையும் பலன் வட்டியாகும் என்பது ஃபுகஹாக்கள் ஏற்ற விதி. பெயருக்கு 100 ரூபாய் வாடகை எழுதிக்கொள்வதாலும் இது மாறிவிடாது. ஊரில் நடப்பில் உள்ள நியாயமான வாடகையைப் பேசி, வழக்கமான அட்வான்ஸைக் கொடுத்துக் குடியிருப்பதே நேரான வழி.

இரண்டாவது வட்டிக் கடன். “இரண்டு மாதத்துக்குத்தானே” என்று சொல்லித்தான் அது வீட்டுக்குள் நுழைகிறது. தாமதத்துக்கோ எல்லை தெரியாது. வட்டியோ ஒவ்வொரு மாதமும் தேதி தவறாமல் வந்துவிடும்.

மூன்றாவது, ஒப்பந்தத்தைக் கைமாற்றுவது. எட்டு மாதத்தில் விலை ஏறிவிட்டதால், அந்த ஒப்பந்தத்தையே வேறொருவருக்கு 3 லட்சம் லாபம் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று புரோக்கர் ஆசை காட்டினார். தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். கைக்கு வராத நிலத்தை விற்கலாம் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் சொன்னதுகூட, வாங்கித் தமக்குச் சொந்தமாகிவிட்ட நிலத்தைப் பற்றியே. இங்கே கிரயமே ஆகவில்லை. விற்பதற்கு வாக்குறுதியைத் தவிர ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. மீதித் தொகையாகக் கையிலோ வங்கியிலோ இருக்கும் பணம் நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால், வீட்டுக்காக வைத்திருக்கிறோம் என்பதால் ஜகாத் நீங்கிவிடாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கூற்று. நாள் நீளும்போது இந்தக் கடமையும் கூடவே வருகிறது.

தாமதம் எங்கே இருந்தது?

இவ்வளவையும் சொல்லிவிட்டு, “ஸப்ர் செய்யுங்கள் தம்பி” என்று அனுப்பிவைத்தோம். முந்திய மாதங்களிலும் அதையே சொல்லியிருந்தோம். அன்றிரவு நமக்கே அது உறுத்தியது. ஸப்ர் என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? கயிற்றின் முடிச்சு எங்கே என்று இதுவரை யாராவது போய்ப் பார்த்தோமா?

அந்த வாரமே பெரியவரை அழைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனோம். அந்த வீட்டுக்கு வாரிசுகள் நால்வர். இரண்டு ஆண், இரண்டு பெண். தாயார் முன்பே மௌத்தாகிவிட்டார்கள். அண்ணன் சொன்னார்: “எல்லாரும் தயாரா இருக்கோம் ஹஜ்ரத். பாலக்காட்டிலே கட்டிக்கொடுத்த தங்கச்சிதான் கையெழுத்துப் போட வரமாட்டேங்குது. அதுதான் இழுத்தடிக்குது.”

அவர் மூலமாகவே அந்தச் சகோதரியிடம் போனில் பேசினோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: “தடுக்கணும்னு எனக்கு எண்ணமில்லீங்க ஹஜ்ரத். எனக்கு என்ன பங்குன்னு யாரும் சொல்லலை. விடுதலைப் பத்திரம்னு ஒரு காகிதத்தை அனுப்பி, எங்கே கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொன்னாங்க.”

கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம், இனி அவளுக்கு என்ன பங்கு என்பதே அண்ணன்மாரின் எண்ணம். தந்தை மௌத்தான அந்த விநாடியே ஒவ்வொரு வாரிசின் பங்கும் அவரவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. அன்னிஸா அத்தியாயத்தின் 7, 11 ஆகிய வசனங்கள், சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் பெண்ணுக்கும் பங்கு உண்டென்பதையும், ஆணின் பங்கில் பாதி பெண்ணுக்கு என்பதையும் வகுத்துவிட்டன. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி இந்த நாட்டு நீதிமன்றத்திலும் இதுவே சட்டம். கல்யாணச் செலவு அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கைக் கழித்துவிடாது. சகோதரி முழு விவரமும் தெரிந்து, மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. தெரியாமல் வாங்கும் கையெழுத்து விட்டுக்கொடுத்தல் ஆகாது.

கணக்கை எழுதிக் காட்டினோம். வீட்டின் விலை 30 லட்சம். ஆறு பாகம். ஆண்களுக்கு இரண்டிரண்டு பாகமாகத் தலா 10 லட்சம். பெண்களுக்கு ஒவ்வொரு பாகமாகத் தலா 5 லட்சம். அண்ணன் நெடுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளூரிலேயே இருந்த மூத்த சகோதரி முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டவர். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர், “அப்போ எனக்கும் உண்டா?” என்று கேட்டார்.

சகோதரர்களே! ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கையை நாம் மிம்பரில் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். அந்த நிலத்தின் விலையாகத் திருப்பூரில் ஒருவர் இரவு பகலாக உழைத்துச் சேர்த்த பணம் போக இருந்தது. அது இரண்டு பெண்களின் பங்கை விழுங்கியவர்கள் கையில் போய்ச் சேர்ந்திருக்கும். எட்டு மாதம் நாம் சபித்த தாமதம் அதைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

அல்லாஹ்வின் கிருபையால் அண்ணன்மார் மனம் இறங்கினார்கள். ஐந்து வாரத்தில் எல்லாம் கூடி வந்தது. முதலில் உடுமலையிலும், அதே வாரத்தில் பொள்ளாச்சியிலும் கிரயம் பதிவாயிற்று. சகோதரிகள் இருவருக்கும் தலா 5 லட்சம் வரைவோலையாகக் கையில் கொடுக்கப்பட்டது. நம் சகோதரர் பெரியவரிடம் தாமே போய் ஸலாம் சொன்னார்.

நம் பிழையும் நீங்கள் கவனிக்க வேண்டியவையும்

இதில் நம் பிழையை மறைக்க விரும்பவில்லை. அல்பகராவின் 282ஆம் வசனம் தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடுகிறது. நாம் சாட்சியாக இருந்தோம். ஆனால் விலையையும் தவணையையும் மட்டும் கேட்டோம். “பெரியவரே, நீங்கள் எங்கே போவீர்கள்? அந்த வீடு யாருடையது? அங்கே வாரிசுகள் எத்தனை பேர்?” என்று கேட்டிருந்தால் எட்டு மாதக் கசப்பு வந்திராது. ஆகவே முதன்முறையாக வீடு வாங்கப் போகிறவர்களுக்கு நாம் சொல்வது:

1. விற்பவர் வேறு வீடு வாங்கித்தான் காலி செய்வாரா என்பதை முதல் நாளே கேளுங்கள். அப்படியானால் அந்த வீட்டின் நிலையையும் விசாரியுங்கள். கேட்பது அவநம்பிக்கை ஆகாது.

2. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று இவற்றை அச்சாரம் கொடுக்குமுன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். வாரிசுச் சொத்தானால், பெண்களின் பங்கு போய்ச் சேர்ந்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வக்பு சொத்து கலந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

3. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயம். பதிவானால் அது வில்லங்கச் சான்றில் தெரியும், மற்றொருவர் ஏமாறமாட்டார். ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் நீதிமன்றத்தை அணுகவும் சட்டம் இடம் தருகிறது.

4. தவணை தவறினால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். எத்தனை மாதம் நீட்டிப்பு, அதன்பின் எத்தனை நாளில் அச்சாரம் திரும்பும் என்று தெளிவாக இருக்கட்டும். வட்டி ஷரத்தை எழுத்தர் வழக்கமாகச் சேர்ப்பார். அதை அடிக்கச் சொல்லுங்கள்.

5. பத்திரச் செலவைத் தனியே எடுத்து வையுங்கள். 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 24 லட்சத்துக்கு இது 2 லட்சத்து 16 ஆயிரம். செலவுக்குப் பயந்து விலையைக் குறைத்து எழுதுவது பொய்.

6. புது வீடு கையில் வருமுன் வாடகை வீட்டுக்காரருக்குத் தேதி சொல்லாதீர்கள். பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றாதீர்கள்.

7. மாதம் ஒருமுறை விற்பவரைச் சந்தித்து நிலையைக் கேளுங்கள். புரோக்கர் மூலம் மட்டும் பேசினால் மனக்கசப்பே வளரும். தொடங்குமுன் இஸ்திகாரா தொழுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அவர்களுக்கும் சொந்தமாக வீடு இருக்கவில்லை. மஸ்ஜிதும் அதையொட்டிய அறைகளும் எழும்பும் வரை ஏறத்தாழ 7 மாதம் அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் தங்கினார்கள். மஸ்ஜிதுக்குரிய அந்த இடம், ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமான, பேரீச்சம் பழம் உலர்த்தும் களம். அவர்கள் அன்பளிப்பாகத் தர முன்வந்தும், இலவசமாகப் பெற மறுத்து, விலை கொடுத்தே பெற்றார்கள். ஒரு நகரமே தங்களை எதிர்நோக்கி நின்ற அந்த நேரத்திலும், அநாதைகளின் உரிமை தீர்ந்த பிறகுதான் அடிக்கல் வைக்கப்பட்டது.

நாம் வாங்கும் வீட்டின் சுவரில் யாருடைய பங்கும் மறைந்திருக்காமல், அல்லாஹ் அதை நமக்கு அமைதி தரும் இல்லமாக ஆக்கித் தருவானாக! காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஹலாலான வழியை விரைவில் திறந்து தருவானாக! ஆமீன்.